பத்தாம் வகுப்பு மார்க்கில் தொடங்கும் இன்டர்வியூ

டிசிஎஸ் கம்பெனியில் சேர நினைக்கும் திண்டுக்கல் மாவட்டத்து நத்தம் பையன் ஒருவனை முதலில் மடக்குவது கம்ப்யூட்டரும் இல்லை, இங்கிலீஷும் இல்லை. அவனுடைய பத்தாம் வகுப்பு மார்க். படிப்பை முடித்து வருகிறவர்களை எடுக்க அந்த நிறுவனம் என்.க்யூ.டி. என்றொரு தேர்வு நடத்துகிறது. அதன் அறிவிப்புகளில் பல ஆண்டுகளாக வந்துகொண்டிருந்த நிபந்தனை இது: பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றிலும் 60 சதவீதம் அல்லது 6 சி.ஜி.பி.ஏ. வேண்டும். நிலுவையில் ஒரு அரியருக்கு மேல் இருக்கக் கூடாது. படிப்புக்கு நடுவில் விட்ட இடைவெளி மொத்தமாக இரண்டு வருஷத்தைத் தாண்டக் கூடாது.

பத்தாவது பரீட்சை எழுதியபோது அவனுக்குப் பதினைந்து வயது. அந்த வருஷம் மாந்தோப்புக் குத்தகையில் அப்பா நஷ்டப்பட்டதையோ, பரீட்சைக்கு முந்தின வாரம் அவன் காய்ச்சலில் கிடந்ததையோ எழுத ஆன்லைன் படிவத்தில் இடம் கிடையாது. 58 என்றால் 58தான்.

இதைக் கொடுமை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அதைவிடப் பெரிய சங்கடம் வேறு. இப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது என்பது அவனுக்கு எப்போது தெரியவருகிறது? பெயர் பெற்ற கல்லூரிகளில் முதல் வருஷத்திலேயே சீனியர்கள் சொல்லிவிடுகிறார்கள்: ‘அரியர் வச்சிடாதடா, கம்பெனி உள்ளேயே விடாது.’ சின்ன ஊர்க் கல்லூரிகளில் பலருக்கு இது இறுதியாண்டில், ரிஜிஸ்ட்ரேஷன் லிங்க்கைத் திறந்த பிறகுதான் தெரிகிறது. போன மார்க்கை மாற்ற முடியாது, சரி. அரியரையாவது தவிர்த்திருக்கலாமே.

நத்தத்தில் இன்ஜினியர்களுக்குப் பஞ்சம் இல்லை. ஊரிலேயே என்.பி.ஆர். பொறியியல் கல்லூரி இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 1984-இல் தொடங்கிய பி.எஸ்.என்.ஏ. கல்லூரி, மதுரைப் பக்கம் 1957-இல் தொடங்கிய தியாகராசர் பொறியியல் கல்லூரி. இரண்டு பக்கமும் பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டு வந்தவர்கள் தெருவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். இல்லாதது ரயில்தான். சென்னையில் இன்டர்வியூ என்றால் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ போய்த்தான் பாண்டியன் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும்.

இந்த வட்டாரத்தில் முந்தைய தலைமுறைக்குப் பெரிய கம்பெனி என்றால் மதுரை டிவிஎஸ். 1911-இல் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கியது. சொந்தத்தில் ஒருவர் அங்கே இருந்தால், எப்போது ஆள் எடுக்கிறார்கள் என்ற சேதியாவது சீக்கிரம் வந்து சேரும். அப்புறம் ஐ.டி. வந்தது. புதன்கிழமை ‘தி இந்து’ பேப்பருடன் வரும் வேலைவாய்ப்பு இணைப்புக்காகவே ஒரு கூட்டம் நூலகத்தில் காத்துக் கிடந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் டெலிகிராம் சேனல்கள். ஒரு நாளைக்கு முப்பது லிங்க் வரும். எது நிஜம், எது போன வருஷத்துப் பழையது என்று சொல்ல மட்டும் ஆள் கிடையாது.

சேதி இவ்வளவு மலிந்துபோன காலத்திலும் ‘சொல்லித்தர ஆள்’ என்ற ஒன்று மட்டும் மலியவில்லை. பெரிய கம்பெனி வேலை கிடைப்பதிலும் கிடைக்காததிலும் திறமைக்கு அடுத்தபடியாக வேலை செய்வது அதுதான். சில சமயம் திறமைக்கு முன்பாகவே.

கம்பெனியின் பக்கமிருந்தும் கொஞ்சம் பார்க்கலாம். டிசிஎஸ்ஸில் வேலை பார்ப்பவர்கள் ஏறக்குறைய ஆறு லட்சம் பேர். அப்படிப்பட்ட இடத்துக்கு வந்து குவியும் ரெஸ்யூமேக்களில் நல்ல ஆளைத் தேடிப் பிடிப்பது முதல் வேலை ஆகாது. கழித்துக் கட்டுவதுதான் முதல் வேலை. 2024 ஜூலையில் மும்பை விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஏர் இந்தியா ஏர்போர்ட் சர்வீசஸ் என்ற தரைப்பணி நிறுவனம் 2,216 இடங்களுக்கு நேரடித் தேர்வு வைத்தது. பல ஆயிரம் பேர் கூடிவிட்டார்கள். நெரிசலைப் பார்த்து பயந்துபோய், ரெஸ்யூமேயைக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தக் கூட்டத்தைத் தெருவுக்கு வரவிடாமல் கம்ப்யூட்டருக்குள்ளேயே நிறுத்தி வைப்பதற்குத்தான் 60 சதவீத விதியும், ஆப்டிட்யூட் தேர்வும், ரெஸ்யூமேயில் வார்த்தை தேடும் மென்பொருளும். இதில் வெளியே தள்ளப்பட்டால் ‘நான் லாயக்கில்லை’ என்று சுருண்டு படுக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் உங்களை யாரும் பார்க்கவே இல்லை.

நத்தம் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில் கழுமரம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். ஏறுகிறவன் எந்த இடத்தில் வழுக்கினான் என்பது கீழே நிற்கும் ஊருக்கே தெரியும். கம்பெனித் தேர்வில் அதுவும் தெரியாது. ‘வருந்துகிறோம்’ என்று ஒரு மெயில் வரும், பல சமயம் அதுகூட வராது. ஆப்டியில் போனதா, கோடிங்கில் போனதா, இல்லை எச்.ஆர். ரவுண்டில் ‘எங்கே வேண்டுமானாலும் போவீர்களா’ என்று கேட்டபோது தயங்கியதில் போனதா? அடுத்த முறையும் அதே இடத்தில்தான் வழுக்கும்.

தமிழ்நாட்டில் இந்த மார்க் வடிகட்டலுக்கு விதிவிலக்காகப் பேசப்படும் நிறுவனம் ஜோஹோ. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-இல் ஜோஹோ ஆனது. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் அலுவலகம் போட்டு, நிறுவனர் ஸ்ரீதர் வேம்புவே அங்கே போய்க் குடியிருக்கிறார். எந்தக் கல்லூரி என்பது இங்கே பெரிய விஷயம் இல்லை, டிகிரியே இல்லாவிட்டாலும் வழி உண்டு என்பது ஊரறிந்த செய்தி. இதைக் கேட்டதும் பலர் ‘அப்ப ஈசி’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். சர்டிபிகேட்டைப் பார்க்காத கம்பெனி வேறு எதையோ உற்றுப் பார்க்கப் போகிறது என்பதுதானே அர்த்தம்?

போய்வந்தவர்கள் எழுதி வைத்திருக்கும் அனுபவங்கள் இணையத்தில் ஏராளம். அதை வைத்துச் சொன்னால், முதல் ரவுண்டு பேப்பரில்: கொஞ்சம் ஆப்டிட்யூட், கொஞ்சம் சி மொழி. ஒரு நிரலைக் கொடுத்து, ஓட்டிப் பார்க்காமலே விடை என்ன வரும் என்று கேட்பார்கள். இரண்டாவது ரவுண்டில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுத வேண்டும். நட்சத்திரக் குறிகளை வரிசைப்படுத்துவதில் தொடங்கிச் சிக்கலானதுவரை போகும். ஆயத்தமாகக் கிடைக்கும் ஃபங்ஷன்களைத் தொடக் கூடாது, எல்லாம் சொந்தக் கையால் எழுத வேண்டும். மனப்பாடம் செய்தவர்கள் இங்கே கழன்றுவிடுகிறார்கள்.

அசல் ஆட்டம் மூன்றாவது ரவுண்டில். ஒரு முழு அப்ளிகேஷனைச் சில மணி நேரத்தில் கட்டித்தர வேண்டும். வருஷக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வி ரயில் டிக்கெட் முன்பதிவு. 63 பெர்த், 18 ஆர்.ஏ.சி., 10 வெயிட்டிங் லிஸ்ட். ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைக்குத் தனி இடம் கிடையாது. 60 வயது தாண்டியவருக்குக் கீழ் பெர்த் இருந்தால் தர வேண்டும். ஒருவர் கேன்சல் செய்தால் ஆர்.ஏ.சி.யில் முதலில் இருப்பவர் பெர்த்துக்கு ஏறுவார், வெயிட்டிங்கில் முதலில் இருப்பவர் ஆர்.ஏ.சி.க்கு நகர்வார். இன்னொரு கேள்வி கால் டாக்ஸி. வரிசையாக ஆறு நிறுத்தங்கள். கூப்பிட்ட இடத்துக்குப் பக்கத்தில் காலியாக இருக்கும் வண்டியை அனுப்ப வேண்டும். ஒரே தூரத்தில் இரண்டு வண்டி நின்றால் அதுவரை குறைவாகச் சம்பாதித்த டிரைவருக்கு முதல் சவாரி. (அந்தக் கடைசி விதியை யார் சேர்த்தார்களோ, நல்ல மனசுக்காரர்.) பாதி கட்டி முடித்த பிறகு பக்கத்தில் வந்து நின்று, ‘இதுல இன்னொரு வசதி சேருங்க’ என்பார்கள். முதலில் எழுதியதைக் கன்னாபின்னாவென்று எழுதியிருந்தால் அப்போது மொத்தமும் சரிந்துவிடும். அதைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள்.

இதற்கு மூளை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு முன்தகவலும் வேண்டும். இப்படித்தான் கேட்பார்கள் என்று தெரிந்தவன் மூன்று மாதம் டிக்கெட், டாக்ஸி, லிஃப்ட், ஏ.டி.எம். என்று கட்டிக் கட்டிப் பார்த்துவிட்டுப் போகிறான். தெரியாதவன் யாரோ சொன்னார்கள் என்று வட்டி, வேலையும் நேரமும், படகும் நீரோட்டமும் என்று ஆப்டி புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து, மூன்றாவது ரவுண்டில் திகைத்து நிற்கிறான். ரயிலே வராத ஊர்க்காரனுக்கு ஆர்.ஏ.சி. என்றால் என்னவென்று தெரியாமல் போவதும் நடக்கக்கூடியதுதான்.

2022-இல் ஒரு ஜோஹோ ஊழியர் தன் கதையை லிங்க்ட்இன்னில் எழுதினார், அது நாடு முழுக்கச் சுற்றியது. 2013-இல் ஆயிரம் ரூபாயோடு வீட்டைவிட்டுக் கிளம்பியவர். அதில் 800 ரூபாய் ரயில் டிக்கெட்டுக்கே போய்விட்டது. இரண்டு மாதம் தெருவில் கிடந்து, பிறகு செக்யூரிட்டி வேலை. நிறுவனத்தின் மூத்த ஊழியர் ஒருவர் ஒருநாள் நின்று பேச்சுக் கொடுத்தார். பள்ளியில் கொஞ்சம் எச்.டி.எம்.எல். படித்தேன் என்றிருக்கிறார் இவர். படித்தது பத்தாவதுதான். தினமும் 12 மணி நேர ஷிப்டு முடிந்ததும் அந்த மூத்தவரிடம் போய்க் கற்றுக்கொண்டார். எட்டு மாதம் போல ஆனதும் சின்னதாக ஒரு ஆப் செய்து காட்டினார். அது மேனேஜர் கண்ணுக்குப் போய், இன்டர்வியூ வைத்து, வேலை கொடுத்தார்கள். பதிவு எழுதியபோது அங்கே எட்டு வருஷம் முடித்திருந்தார்.

இந்தக் கதையைப் பகிர்ந்தவர்கள் எல்லாரும் அவருடைய உழைப்பைப் பாராட்டினார்கள். பாராட்ட வேண்டியதுதான். கூடவே, வாசலில் நின்ற காவலாளியிடம் நின்று பேசிய அந்த மூத்த ஊழியரையும் கவனிக்க வேண்டும். அவர் வேறு வாசல் வழியாகப் போயிருந்தால்?

டிகிரி இல்லாமல் அங்கே போக முறையான வழியும் இருக்கிறது. ஜோஹோ ஸ்கூல்ஸ் ஆஃப் லேர்னிங். 2005 வாக்கில் ஆறு மாணவர்களோடு தொடங்கியது. பிளஸ் டூ அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தருகிறார்கள். பயிற்சிக்குப் பிறகு அங்கேயே வேலை. எச்.சி.எல். நிறுவனத்துக்கு ‘டெக்பீ’ என்று 2017-இல் தொடங்கிய திட்டம் இருக்கிறது. அதுவும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. பயிற்சி முடிந்து வேலை பார்த்துக்கொண்டே டிகிரியும் படிக்கலாம். எச்.சி.எல்.லுக்கு மதுரை இலந்தைக்குளத்திலேயே வளாகம் உண்டு. நிறுவனர் சிவ் நாடார் மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர். இவ்வளவு பக்கத்தில் இருந்தும், இந்த வழிகளைப் பற்றி எத்தனை பிளஸ் டூ வகுப்புகளில் பேசுகிறார்கள்? தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான். அது ஒரு பள்ளியில் பலன் தருவதும் தராததும் அங்கே அதைக் கையில் எடுக்கும் ஆசிரியரைப் பொறுத்து.

மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையின் இன்டர்வியூ கதையையும் இந்தக் கண்ணோடு படித்துப் பார்க்கலாம். 2004 ஏப்ரல் 1 அன்று அவர் கூகுளுக்கு இன்டர்வியூ போனார். ஜிமெயில் வெளியான நாள் அது. ஜிமெயிலைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவரோ அதைப் பார்த்ததே இல்லை, முட்டாள்கள் தின வேடிக்கை என்று நினைத்துக்கொண்டிருந்தார். முதல் மூன்று பேரிடம் சமாளித்துப் பார்த்தார், ஓடவில்லை. நாலாவது ஆள் ‘ஜிமெயிலைப் பார்த்திருக்கிறீர்களா?’ என்று கேட்டார். இல்லை என்றதும் திறந்து காட்டினார். ஐந்தாவது ஆள் கேட்டபோது பதில் வந்தது. 2017 ஜனவரியில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் மாணவர்களிடம் அவரே சொன்னது இது. மூன்றாவது ஆளுக்கும் ஐந்தாவது ஆளுக்கும் நடுவில் அவர் புத்திசாலி ஆகிவிடவில்லை. ஒருவர் காட்டினார், அவ்வளவுதான்.

கூகுள் ஒரு காலத்தில் விடுகதை மாதிரிக் கேள்விகளுக்குப் பேர் போனது. அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை என்று அதன் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். நம்மூர் கோச்சிங் சென்டர்களில் இன்னும் அந்த விடுகதைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சரி, எல்லா ரவுண்டும் தாண்டி ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. வீட்டில் கேசரி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், சொந்தக்காரர்களுக்கு போன். அதற்குப் பிறகும் கதை முடிவதில்லை என்பதை 2022 முதல் வந்த பேட்ச்கள் அனுபவித்துத் தெரிந்துகொண்டன. 2023 பிப்ரவரியில் விப்ரோ, 6.5 லட்சம் ஆண்டுச் சம்பளத்துக்குத் தேர்வாகிக் காத்திருந்தவர்களிடம், 3.5 லட்சத்துக்கு வருகிறீர்களா என்று கேட்டது. இன்ஃபோசிஸ் தேர்ந்தெடுத்த 2022 பேட்ச் பட்டதாரிகளில் பலர் இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, 2024 அக்டோபரில்தான் மைசூரு வளாகத்துக்குள் கால் வைத்தார்கள். 2025 பிப்ரவரியில் அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். மூன்று வாய்ப்பு கொடுத்தும் உள்தேர்வில் தேறவில்லை, இது ஒப்பந்தத்தில் உள்ளதுதான் என்றது நிறுவனம். ஒப்பந்தத்தில் இருந்ததை மறுக்க முடியாது. காத்திருந்த இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்தில் எந்த வரி இருந்தது என்பதையும் கேட்கத்தான் வேண்டும்.

சம்பள விஷயத்திலும் அரைகுறைச் சேதி ஆளைக் குழப்பும். 2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் 2.52 லட்சம் ஆண்டுச் சம்பளத்துக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்ததும் சமூக வலைதளங்களில் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மாதம் 21,000 ரூபாய், சென்னையில் ரூம் வாடகைக்குக் காணுமா என்று. அது மூன்று வருஷ டிகிரிக்காரர்களுக்கு, இன்ஜினியர்களுக்கு நாலு லட்சத்திலிருந்து தொடக்கம் என்று நிறுவனம் விளக்கம் கொடுத்தது. விளக்கம் வருவதற்குள் மீம் ஊரைச் சுற்றி வந்துவிட்டது.

சொல்லித்தர ஆள் இல்லாத இடத்தில் ‘நான் வாங்கித் தர்றேன்’ என்று ஒருவர் வந்து நிற்பார். கன்சல்டன்சி என்று போர்டு மாட்டியிருப்பார், இல்லாவிட்டால் வாட்ஸ்அப்பில் கம்பெனி லோகோவோடு பேசுவார். ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட், ‘பேக்டோர்’ என்று விதவிதமாகப் பெயர் வைத்துப் பணம் கேட்பார். பெரிய கம்பெனிகள் எல்லாம் வேலைக்குப் பணம் வாங்குவதில்லை என்று தங்கள் இணையதளத்திலேயே எழுதி வைத்திருக்கின்றன. உள்ளுக்குள் எதுவுமே நடப்பதில்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஒப்பந்த ஊழியர்களை அமர்த்துவதில் முறைகேடு என்ற புகாரை விசாரித்த டிசிஎஸ், 2023 அக்டோபரில் 16 ஊழியர்களை வெளியேற்றியதாகவும் ஆறு ஏஜென்சிகளுக்குத் தடை போட்டதாகவும் அறிவித்தது. இந்த மாதிரிச் செய்திகளைத்தான் புரோக்கர்கள் சாட்சியாகக் காட்டுகிறார்கள்: ‘பாத்தியா, உள்ள இப்படித்தான் நடக்குது.’ வெளிநாட்டு ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரின் மியாவாடியில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் மாட்டிக்கொண்ட தமிழர்களில் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டது.

நத்தத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகளுக்குப் பெரிய கம்பெனி என்றால் அது டிசிஎஸ்ஸோ ஜோஹோவோ அல்ல. ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான், ஓசூர் டாடா எலெக்ட்ரானிக்ஸ். ஐபோன் சம்பந்தப்பட்ட வேலை, ஹாஸ்டல் உண்டு, வேன் உண்டு. பஞ்சாலை வேலையோடு ஒப்பிட்டால் இது ஒரு படி மேல்தான். ஆனால் இங்கேயும் சொல்லப்படாத நிபந்தனைகள் உண்டு. கல்யாணமான பெண்களை ஐபோன் அசெம்பிளி வேலைக்கு எடுக்காமல் ஃபாக்ஸ்கான் தவிர்க்கிறது என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் விசாரித்து எழுதியது. மத்திய தொழிலாளர் அமைச்சகம் தமிழ்நாட்டு அரசிடம் அறிக்கை கேட்டது. அதன் பிறகு, விளம்பரத்தில் வயது, கல்யாண விவரம் எதுவும் போடக் கூடாது என்று ஆள் பிடிக்கும் ஏஜென்சிகளுக்கு உத்தரவு போனதாக அதே ராய்ட்டர்ஸ் நவம்பரில் எழுதியது. விளம்பரத்திலிருந்து போனது தேர்விலிருந்தும் போய்விட்டதா என்பதை அங்கே வேலை கேட்டுப் போகும் பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

தங்குமிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். 2021 டிசம்பரில் ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்ட ஃபாக்ஸ்கான் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அவர்கள் உட்கார்ந்து மறித்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்குப் பின்னால்தான் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய குடியிருப்பை 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டியது. 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். எந்த ஹாஸ்டல், எத்தனை பேருக்கு ஒரு அறை, நேரடி ஊழியரா கான்ட்ராக்டா, கான்ட்ராக்ட் என்றால் எத்தனை மாதம்? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை. ஏற்கெனவே போய் வேலை பார்த்துவிட்டு வந்த அக்கா ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள்.

அப்படி ஓர் அக்காவையோ அண்ணனையோ கண்டுபிடிப்பது இன்று முன்பைவிடச் சுலபம். 2023 ஜூலை 15 அன்று மதுரை புது நத்தம் சாலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் போட்டித் தேர்வுக்கும் கம்பெனித் தேர்வுக்கும் படிக்கிறவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். நத்தத்திலிருந்து மதுரை பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. லிங்க்ட்இன்னில் தங்கள் கல்லூரிப் பெயரைப் போட்டுத் தேடினால், அதே கல்லூரியில் நாலு வருஷம் முன்னால் படித்துவிட்டு இப்போது சோழிங்கநல்லூரிலோ பெங்களூரிலோ இருப்பவர்கள் வரிசையாக வருவார்கள்.

அவர்களுக்கு எழுதும்போது பெரும்பாலானவர்கள் செய்வது, ‘ஹாய் சார், ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க சார்’ என்று ஒரு வரி தட்டிவிடுவது. அதற்குப் பதில் வராது. அவர் திமிர் பிடித்தவர் என்பதால் அல்ல, அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதால். ‘அண்ணா, நான் நம்ம காலேஜ் கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு. உங்க கம்பெனி வெப்சைட்ல இந்த வேலைக்கு ஆள் எடுக்குறாங்க, நம்பர் இது. ரெஸ்யூமே வச்சிருக்கேன். ரெஃபர் பண்ண முடியுமா? முடியலேன்னா ரெண்டாவது ரவுண்டுல எதைக் கேக்குறாங்கன்னு மட்டும் சொல்லுங்க’ என்று எழுதினால் அவருக்கு ஐந்து நிமிஷ வேலை. பல கம்பெனிகளில் ரெஃபர் செய்த ஆள் சேர்ந்தால் ரெஃபர் செய்தவருக்கு போனஸ் வருகிறது என்பதால் அண்ணனுக்கும் அதில் லாபம் உண்டு. பத்துப் பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். அவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, ரெண்டு அரியர் இருக்கிறது, இந்த செமஸ்டரில் ஒன்றை முடித்துவிட்டால் உள்ளே விடுவார்களா என்பதை.